டீசல் வண்டி வெள்ளத்தில் போகுமா?



சபைகளுக்கு நாங்கள் வரும்போது தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, உங்கள் ஆம்புலன்ஸ் டீசல் வண்டிதானே? டீசல் வண்டி தண்ணீரில் போகுமே. மழைக்காலத்தில் டிரைவர் ஏன் பாதி வழியில் நிறுத்திவிடுகிறார்?" கேட்பவர்களின் ஆதங்கம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. உள்ளே ஒரு தாய் பிரசவ வேதனையில் இருக்க, முழங்காலளவு தண்ணீருக்கு முன்பாக வண்டி நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க எவருக்கும் மனம் பொறுக்காது. ஆகவே இம்மடலில் அதைச் சற்று விவரமாக எழுதுகிறோம்.

டீசல் வண்டி தண்ணீரில் போகும் என்ற பேச்சு பொய்யல்ல. பழைய அம்பாசிடர் பெட்ரோல் கார் வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு பெரிய குட்டையைத் தாண்டினால் போதும், டிஸ்டிரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் ஏறி, பிளக்கில் தீப்பொறி வராமல் வண்டி நின்றுவிடும். இறங்கி மூடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்துப் போட்டால்தான் கிளம்பும். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறியே தேவையில்லை. அது காற்றை உள்ளே இழுத்து, ஏறக்குறைய 16 முதல் 20 மடங்கு வரை அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் காற்று 500 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடேறிவிடும். அதற்குள் டீசலைப் பீச்சியடித்தவுடன் தானாகவே பற்றிக்கொள்கிறது. அந்நாளைய வண்டிகள் பலவற்றில் டீசல் பம்பும் இயந்திர விசையிலேயே ஓடியது. ஒருமுறை கிளம்பிவிட்டால் மின்சாரத்தை அது எதிர்பார்ப்பதில்லை. இதனால்தான் அந்த நல்ல பெயர்.

ஆனால் எந்த அழுத்தம் அதற்குப் பெலனோ, அதுவே வெள்ளத்தில் அதற்கு ஆபத்து. இரண்டு லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டன் 500 மில்லிலிட்டர் இடத்தில் ஏறி இறங்குகிறது. 18 மடங்கு அழுத்தம் என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே எஞ்சியிருக்கும் இடம் சுமார் 29 மில்லிலிட்டர் மாத்திரமே. அதாவது இரண்டு மேசைக்கரண்டி. 10 மடங்கு அழுத்தமுள்ள பெட்ரோல் எஞ்சினில் இதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு இடம் இருக்கும். காற்று அழுந்தும், தண்ணீர் அழுந்தாது. காற்றுக்குழாய் வழியாக இரண்டு கரண்டிக்கு மேல் தண்ணீர் உள்ளே போய்விட்டால், பிஸ்டன் மேலே வர இடமின்றி முட்டிக்கொள்கிறது. பின்னாலிருந்து தள்ளும் விசையோ நிற்பதில்லை. நடுவில் அகப்பட்ட கனெக்டிங் ராடு வளைந்துவிடும், அல்லது முறிந்து எஞ்சின் பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

ஆகவே டீசல் எஞ்சின் நனையலாம், தண்ணீரைக் குடிக்கக் கூடாது. டயர் எவ்வளவு மூழ்கியிருக்கிறது என்று பார்ப்பதைவிட, காற்று இழுக்கும் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்ப்பதே முக்கியம். வேன்களிலும் கார்களிலும் அது பெரும்பாலும் முன்பக்கத்தில், விளக்குக்கு அருகே இருக்கும். தண்ணீர் அதற்குக் கீழே நின்றாலும், வேகமாகப் போனால் வண்டியே எழுப்பும் அலை அதற்குள் புகும். எதிரே ஒரு பஸ் வந்தால் அதன் அலையும் சேர்ந்துகொள்ளும். வெள்ளத்தில் டிராக்டர் தைரியமாகப் போவதன் இரகசியம் இதுதான். அதுவும் டீசல்தான். ஆனால் அதன் உடல் உயரம், பெரும்பாலானவற்றில் புகைக்குழாய் மேல்நோக்கி நிற்கும், காற்று இழுக்கும் இடமும் உயரத்தில் இருக்கும்.

இந்நாளைய டீசல் வண்டிகளோ வேறு ஜாதி. 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் பி.எஸ். 6 விதி வந்தபின், கம்ப்யூட்டர் பெட்டியும் சென்சார்களும் இல்லாமல் புதிய டீசல் வண்டி இல்லை என்றே சொல்லலாம். ஒரு மின் இணைப்பில் தண்ணீர் புகுந்தாலும், எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாமலேயே வண்டி நின்றுவிடக்கூடும். தாத்தா காலத்து ஜீப்பை நினைத்துக்கொண்டு இன்றைய வேனை ஓட்டக் கூடாது.

தண்ணீரைக் கடந்துதான் ஆகவேண்டும் என்றால், முதல் கியரில், மனிதன் நடக்கும் வேகத்தில், ஆக்ஸிலரேட்டரைச் சீராக மிதித்தபடி, நடுவில் கியர் மாற்றாமல் போகவேண்டும். ஓடும் எஞ்சினின் புகை சைலன்சர் வழியே தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருக்கும். எஞ்சின் நின்றால் தண்ணீர் அவ்வழியே உள்ளே ஏறும். ஆனால் பாய்ந்தோடும் வெள்ளத்தில் இந்தச் சாமர்த்தியமெல்லாம் செல்லாது. ஓரடி ஓட்டமே சிறு காரை மிதக்கவிடும், இரண்டடி இருந்தால் பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போய்விடும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்ததே, அப்படிப்பட்ட நாளில் படகும் டிராக்டரும்தான் ஆம்புலன்ஸ்.

இதிலும் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. தண்ணீருக்குள் வண்டி நின்றுவிட்டால், மறுபடியும் சாவியைத் திருப்பிப் பார்ப்பதுதான் அது. சுற்றியுள்ளவர்கள் "இன்னொரு தரம் அடித்துப் பாருங்கள்" என்று நல்லெண்ணத்தோடுதான் சொல்வார்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால், ஸ்டார்ட்டர் மோட்டாரின் விசையே ராடை வளைக்கப் போதுமானது. சில சமயம் ராடு கொஞ்சம்தான் வளையும். வண்டி கிளம்பிவிடும், எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். சில வாரங்கள் கழித்து, நோயாளி உள்ளே இருக்கும்போது நெடுஞ்சாலையில் எஞ்சின் உடையும். இவ்வகைச் சேதத்தைப் பல இன்சூரன்ஸ் பாலிசிகள் ஏற்பதில்லை. எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகப் பணம் கட்டியிருக்க வேண்டும். உங்கள் காணிக்கையால் வாங்கிய வண்டி என்பதால் இதையும் சொல்கிறோம்.

நின்ற வண்டியைத் தள்ளிக் கரையேற்றி, முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். பிறகு ஏர் ஃபில்டரைத் திறந்து பார்க்க வேண்டும். அது காய்ந்திருந்தால் நிம்மதி. நனைந்திருந்தால் மெக்கானிக் வரும்வரை தொடக் கூடாது. அவர் இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் சுழற்றுவார், உள்ளிருக்கும் தண்ணீர் அந்தத் துளைகள் வழியே வெளியேறும். எண்ணெய் அளக்கும் கம்பியில் பால் கலந்த தேநீர் நிறம் தெரிந்தால் எண்ணெய் முழுவதையும் மாற்ற வேண்டும். கியர் பாக்ஸையும் பின் ஆக்சிலையும் மறந்துவிடக் கூடாது. ஓடிச் சூடான அவை குளிர்ந்த தண்ணீரில் மூழ்கும்போது, மூச்சுக்குழல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

உங்களில் பலருடைய சபைகளில் வேன் இருக்கிறது. மழை தொடங்குமுன் பானெட்டைத் திறந்து, காற்றுக்குழாயின் வாய் தரையிலிருந்து எத்தனை அடி என்று டேப் வைத்து அளந்து, அதற்கு ஒரு சாண் கீழே பம்பரின் ஓரத்தில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவையுங்கள். கோட்டைத் தண்ணீர் தொட்டால் டிரைவர் திரும்பிவிடலாம், அவரை யாரும் கடிந்துகொள்ள வேண்டாம்.