தயிர் சாப்பிட்டதை ரத்தம் சொல்லுமா?

கொற்கை, ஏரல், ஆத்தூர், காயல்பட்டினம் என்று தாமிரபரணி கடலை நெருங்கும் ஊர்களில் பெரும்பாலான வீடுகளில் மதியச் சாப்பாடு மோரில்தான் முடிகிறது. வெயிலுக்கு நீர்மோர், வாரம் ஒருமுறை மோர்க்குழம்பு, பயணத்துக்குத் தயிர்சாதம். மீன் சமைக்கும் நாளில் சில வீடுகளில் தயிரைத் தொடுவதே இல்லை. இப்படிப்பட்ட வீட்டில் ஒருவரிடம் “வாரத்துக்கு எத்தனை கப் தயிர் சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்டால் என்ன பதில் வரும்? தயிரின் நன்மை தீமை பற்றி நாம் படிக்கும் செய்திகள் பலவற்றுக்கும் அந்தப் பதில்தான் அடிப்படை.

நினைவை நம்பிய கணக்கு

வாரத்துக்கு 2 கப் தயிராவது சாப்பிட்டுவந்தால் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயின் அபாயம் குறையக்கூடும் என்று தயிர் டப்பாக்களில் அச்சிட, 2024 மார்ச்சில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இடம் கொடுத்தது. இதற்கான சான்று குறைவானதே என்ற குறிப்பையும் சேர்க்கச் சொன்னது. 2018-ல் வெளியான ‘பியூர்’ ஆய்வு 21 நாடுகளில் 1,36,384 பேரைப் பின்தொடர்ந்தது. சென்னையும் அதில் ஓர் ஆய்வுத் தளம். பால் பொருள்களை ஓரளவு கூடுதலாக உண்டவர்களிடம் இதயநோயும் இறப்பும் குறைவாக இருந்ததாக அது சொன்னது.

யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பதை இத்தகைய ஆய்வுகள் கேள்வித்தாள் மூலம்தான் அறிகின்றன. அது சரியா என்று பார்க்க, முந்தைய 24 மணி நேரத்தில் உண்டதைக் கேட்டு ஒப்பிடுவது வழக்கம். அதுவும் நினைவுதான். ஒரு செம்பு மோரில் தயிர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பது கலக்கியவருக்கே சரியாகத் தெரியாது. டாக்டர் கேட்கும்போது நல்லதைக் கூட்டியும் கெட்டதைக் குறைத்தும் சொல்வது மனித இயல்பு.

தூத்துக்குடியில் முத்துச் சலாபம் (முத்துக்குளிப்பு) நடந்த காலத்தில், கடலடியில் சிப்பி நிறையக் கிடக்கிறது என்ற பேச்சை மட்டும் நம்பித் தேதி குறிக்கவில்லை. மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, முத்தை மதிப்பிட்ட பிறகே அறிவித்தார்கள். உணவு ஆய்வுக்கும் அப்படியொரு நேரடிச் சான்று வேண்டும். அதை ரத்தத்தில் தேடுகிறார்கள்.

பால் கொழுப்பின் தடயம்

மாடு, ஆடு ஆகியவற்றின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள், 15, 17 என ஒற்றைப்படைக் கார்பன் எண்ணிக்கை கொண்ட கொழுப்பு அமிலங்களை உருவாக்குகின்றன. அவை பாலின் வழியே நம் ரத்தத்துக்கு வருகின்றன. 16 ஆய்வுகளைச் சேர்ந்த 63,682 பேரின் தரவுகளை ஒன்றாகப் பார்த்த 2018-ம் ஆண்டு ஆய்வில், இவை ரத்தத்தில் அதிகம் இருந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது குறைவாக இருந்தது.

ஆனால் இந்தத் தடயம் நெய்யையும் வெண்ணெயையும் தயிரையும் பிரித்துக் காட்டாது. வெண்ணெய் கடைந்தெடுத்த மோரை நாள்தோறும் குடிப்பவரிடம் இது மிகக் குறைவாகவே தெரியும்.

தயிருக்கே உரிய அடையாளம்

பாலைத் தயிராக்குவது லாக்டிக் அமில பாக்டீரியா. அது விட்டுச்செல்லும் பொருள்களைப் பிடித்தால் தயிரைத் தனியே அடையாளம் காணலாம். சுவிட்சர்லாந்தின் அரசு வேளாண் ஆய்வு நிறுவனமான அக்ரோஸ்கோப்பின் ஆய்வாளர்கள், ஆரோக்கியமான ஆண்களுக்கு ஒரு காலகட்டத்தில் தயிரும், மற்றொரு காலகட்டத்தில் புளிக்கவைக்காமல் அமிலம் சேர்த்துக் கெட்டியாக்கிய பாலும் கொடுத்து ரத்தத்தை ஒப்பிட்டார்கள். டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து உருவாகும் இன்டோல் வகைச் சேர்மங்களில் வேறுபாடு தெரிந்தது. நம்பிக்கையூட்டும் தொடக்கம் இது. ஆனாலும் நம் குடலில் இருக்கும் நுண்ணுயிர்களும் இத்தகைய சேர்மங்களை உருவாக்குகின்றன.

இந்தக் கரையில் ஏன் கடினம்?

ஐரோப்பாவில் கிடைத்த அடையாளத்தை அப்படியே கொற்கைக்குக் கொண்டுவர முடியாது. முதல் காரணம் மீன். ஒற்றைப்படைக் கொழுப்பு அமிலங்கள் மீனிலும் உண்டு. மடவை போன்ற மீன்களில் கூடுதலாகவே உண்டு. நாள்தோறும் மீன் உண்பவரின் ரத்தத்தைப் பார்த்துப் பால் அதிகம் குடிப்பவர் என்று தவறாக முடிவு செய்துவிடலாம்.

இரண்டாவது, நம் காலைச் சாப்பாடு. இட்லி மாவையும் பழைய சோற்றையும் புளிக்கவைப்பதும் லாக்டிக் அமில பாக்டீரியாதான். மூன்றாவது, நம் வீட்டுத் தயிர். தொழிற்சாலைத் தயிரில் சேர்க்கும் பாக்டீரியா எது என்பது தெரியும். நேற்றைய தயிரை உறையாக ஊற்றும் வீட்டில் அது வீட்டுக்கு வீடு மாறும்.

மீன் காட்டிய வழி

இது முடியாத காரியம் அல்ல. மீன் உண்பதை அளக்க நல்ல அடையாளம் ஏற்கனவே இருக்கிறது. ரத்தச் சிவப்பணுக்களின் சவ்வில், மீனிலிருந்து வரும் ஒமேகா-3 கொழுப்பு எத்தனை சதவீதம் என்று பார்க்கும் அளவீடு 2004-ல் முன்வைக்கப்பட்டது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்வதால், சில மாத உணவுப் பழக்கத்தை அது காட்டுகிறது. மூன்று மாதச் சர்க்கரை அளவைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனைக்கும் சிவப்பணுவின் ஆயுள்தான் அடிப்படை.

தயிருக்கும் இதுபோன்ற உழைப்பு தேவை. நம் ஊர் மக்களுக்கு அளந்த தயிரைக் கொடுத்து, பிறகு நிறுத்தி, மீனும் நெய்யும் இட்லியும் உண்ணும் நாள்களில் ரத்தம் எப்படி மாறுகிறது என்று ஒப்பிட வேண்டும். ஒரே பொருளை நம்பாமல் பல தடயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரியும் மீன்வளக் கல்லூரியும் ஒரே ஊரில் இருக்கும் தூத்துக்குடி இதற்கு மிகப் பொருத்தமான இடம். சுமார் 10 கோடிப் பேர் சர்க்கரை நோயுடன் வாழும் நாட்டில், நம் உணவைப் பற்றிய அறிவுரை நம் ரத்தத்தில் சோதித்த சான்றிலிருந்து வர வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

• தயிர் பற்றிய செய்தியைப் படிக்கும்போது, எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பதைக் கேட்டு எழுதினார்களா, அளந்து கொடுத்தார்களா என்று பாருங்கள். ‘தொடர்பு இருக்கிறது’ என்பதற்கு ‘தயிர்தான் காரணம்’ என்று பொருள் இல்லை.

• தயிரை மருந்துக்குப் பதிலாகக் கொள்ளாதீர்கள். சர்க்கரை மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது.

• சர்க்கரை சேர்த்த பழத் தயிரைவிட வீட்டில் உறை ஊற்றிய தயிரே நல்லது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மோரில் உப்பைக் குறைக்க வேண்டும். சிறுநீரக நோயாளிகள் தயிரின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

• உணவுக் கணக்கெடுப்புக்கு யாராவது வந்தால், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கிண்ணத்தையும் டம்ளரையும் எடுத்துக் காட்டுங்கள், மோரில் கலக்கும் தண்ணீரையும் சொல்லுங்கள். ரத்த அடையாளம் உறுதிப்படும் வரை, ஆய்வாளர்களுக்குக் கிடைக்கும் முக்கியமான சான்று உங்கள் சொல்தான்.