சூலகத்தைக் காக்கும் மரபணு

மக்காச்சோளச் செடியின் உச்சியில் விரிந்து நிற்பது ஆண் பூங்கொத்து. மகரந்தம் உதிர்ப்பதுதான் அதன் வேலை. தண்டின் நடுப்பகுதியில், இலைக்கக்கத்தில் மடல்களுக்குள் பொதிந்திருக்கும் கதிர் பெண். அதன் நுனியில் தொங்கும் பட்டிழை ஒவ்வொன்றும் ஒரு பூவின் சூலகத்தண்டு. அந்த இழையில் மகரந்தம் ஒட்டி, கரு உருவானால்தான் அடியில் ஒரு மணி பிடிக்கும். நம் உடலில் உள்ள எக்ஸ், ஒய் குரோமோசோம்களைப் போல எதுவும் இங்கே கிடையாது. ஒரே செடி, ஒரே மரபணுத் தொகுதி. அப்படியிருந்தும் மேலே ஆண், நடுவே பெண்.

அரும்பும் பருவத்தில் நுண்ணோக்கியில் பார்த்தால் இந்த வேறுபாடே தெரியாது. உச்சியிலும் கதிரிலும் எல்லாப் பூக்களும் மூன்று மகரந்தத்தாள்கள், ஒரு சூலகம் என்று இருபாலாகவே தொடங்குகின்றன. பிறகு உச்சியில் சூலகத்தின் செல்கள் மடிகின்றன; கதிரில் மகரந்தத்தாள்களின் வளர்ச்சி நின்றுபோகிறது. எந்த உறுப்பு அழிகிறதோ அதை வைத்தே பூவின் பால் முடிவாகிறது.

அழிக்கச் சொல்வது யார்? கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆர். ஏ. எமர்சன் 1920இல் விவரித்த சில செடிகளில் முதல் தடயம் இருந்தது. அவற்றின் உச்சியில் மகரந்தத்துக்குப் பதிலாகப் பட்டிழைகளும் மணிகளும் வந்திருந்தன. டாசல்சீட் 1, டாசல்சீட் 2 என்ற மரபணுக்களில் ஏதேனும் ஒன்று பழுதானால் இப்படி ஆகும். சில்க்லெஸ் என்ற மரபணு பழுதானாலோ கதிரிலும் சூலகம் மடிந்து, செடியில் மணியே பிடிக்காது.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்தவர் டொனால்ட் ஜோன்ஸ். அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில், கனெக்டிகட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றியவர். சில்க்லெஸ் பழுதான செடிகளை எடுத்துக்கொண்டு, அவற்றுக்குள் டாசல்சீட் 2 பழுதையும் கலந்தார். டாசல்சீட் நன்றாக இருந்த செடி முழு ஆணாக நின்றது. அதுவும் பழுதான செடியில் சூலகங்கள் பிழைத்து, அது பெண்ணாயிற்று. டாசல்சீட் 2இன் சரியான பிரதி ஒன்றும் பழுதான பிரதி ஒன்றும் கொண்ட ஆணை இந்தப் பெண்ணோடு சேர்த்தால், வாரிசுகளில் பாதி ஆண், பாதி பெண். பனையில் இருப்பதுபோல் மக்காச்சோளத்திலும் ஆண் மரபு வேறு, பெண் மரபு வேறு என்றாகிவிட்டது; அதற்கு இரண்டே மரபணுக்கள் போதுமாக இருந்தன! 1934இல் அவர் இதை விரிவாக எழுதினார். சில்க்லெஸ் சூலகத்தை உண்டாக்குவதில்லை, டாசல்சீட்டிடமிருந்து அதைக் காப்பாற்றுகிறது என்ற முடிவுக்கும் இந்தச் செடிகளே வழிகாட்டின.

எப்படிக் காப்பாற்றுகிறது என்ற விடையும் பல்லாண்டுகள் கழித்து அதே ஊரிலிருந்தே வந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் டெல்லாபோர்ட்டாவின் குழு 1993இல் டாசல்சீட் 2 மரபணுவைப் பிரித்தெடுத்தது. டாசல்சீட் 1 ஜாஸ்மோனிக் அமிலத்தைத் தயாரிக்க உதவும் நொதிக்கானது என்பது 2009இல் வெளியாயிற்று. ஜாதிமல்லியின் மணத்தில் கலந்திருக்கும் ஒரு சேர்மத்துக்கு நெருங்கிய உறவு இந்த அமிலம். பழுதான செடியின் இளம் பூங்கொத்துக்கு அதைக் கொடுத்ததும் மகரந்தத்தாள்கள் மீண்டும் வளர்ந்தன. 2016இல் சில்க்லெஸின் வேலையும் புரிந்தது: சூலகத்தை மடியவைக்கும் ஜாஸ்மோனிக் அமிலமும் அதன் இனச் சேர்மங்களும் சேரவிடாமல் தடுக்கும் நொதிக்கான மரபணு அது. செடி முழுவதும் அதை இயங்கவைத்தபோது உச்சிப் பூங்கொத்தும் பெண்ணாகிவிட்டது.

கதிரில் இதன் விளைவைக் கண்ணாலேயே காணலாம். அங்கே பூக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து சிறுகதிர்களாகவும், சிறுகதிர்கள் ஜோடி ஜோடியாகவும் அமைந்திருக்கின்றன. சில்க்லெஸ் காப்பது ஒவ்வொரு சிறுகதிரிலும் மேல் பூவை மட்டுமே. கீழ்ப் பூவின் சூலகம் மடிந்துவிடும். எனவே ஜோடிக்கு இரண்டு மணி. மணி வரிசைகள் 12, 14, 16 என்று இரட்டைப்படையில் அமைவது இதனால்தான். டாசல்சீட் 2 பழுதான செடியிலோ கீழ்ப் பூவும் மணி பிடிக்கிறது. இடம் போதாமல் மணிகள் நெருக்கியடித்து, வரிசையே கலைந்துபோகிறது.