விடுதலைப் பத்திரம்

சார்பதிவாளர் அலுவலகத்தில் 'விடுதலைப் பத்திரம்' என்றொரு ஆவணம் உண்டு. கூட்டுச் சொத்தில் தனக்குள்ள பாத்தியதையை ஒருவர் மற்றப் பங்காளிகளுக்கு விட்டுக்கொடுப்பது. விடுதலை என்ற சொல்லை நாம் மேடைகளில் தேடிக்கொண்டிருக்க, கல்யாணமான பெண்கள் இங்கே வரிசையில் நின்று கையெழுத்துப் போடுகிறார்கள்.

இது பழைய வழக்கத்தின் எச்சமல்ல. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் பூர்வீகச் சொத்தில் மகளைப் பிறப்பால் பங்காளியாக ஏற்கவில்லை; தந்தையின் பங்கில் மட்டும் இடம் தந்தது. 1989 தமிழகத் திருத்தம் பங்காளியாக்கியது, ஆனால் 25-3-1989க்கு முன் மணமானவர்களை விலக்கியது. தாலி ஏறிய தேதியை வைத்து ஒரே வீட்டில் அக்கா அந்நியள், தங்கை பங்காளி! 2005 மத்தியத் திருத்தம், ஏற்கெனவே பதிவான பாகப்பிரிவினைகள் நீங்கலாக, அந்தக் கோட்டை அழித்தது. அன்று தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆக, உரிமை வந்ததால்தான் அவள் கையெழுத்துக்கு மதிப்பு வந்தது.

"கல்யாணத்துக்கே அவ்வளவு செஞ்சாச்சு, இன்னும் என்ன பங்கு?" என்பது அண்ணன்மார் வாதம். புருஷன் வீட்டுக்குப் போன நகையும் சீரும் அவள் கணக்கில் பற்று. கேட்டால் பிறந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது. அடி தாங்காமல் ஒருநாள் திரும்ப நேர்ந்தால் போக அவளுக்கு வேறு வாசலில்லை. மகளுக்குச் சடங்கென்றால் தாய்மாமன் சீர் வரவேண்டும். பங்கை விட்டுக்கொடுத்து அவள் வாங்குவது இதைத்தான். முற்போக்காளர்கள் இதை அறியாமை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் கணக்குப் போட்டுத்தான் கையெழுத்திடுகிறாள். கணக்கின் விதிகள்தான் அவளுடையவை அல்ல.

இன்னொரு பக்கம் புகுந்த வீடு. "சட்டம்தான் இருக்கே, போய்க் கேளு" என்கிறான் கணவன். பெண்ணுரிமை அவன் வாயில் எவ்வளவு சரளமாக வருகிறது! தன் தங்கையிடம் போன மாதம்தான் கையெழுத்து வாங்கியிருப்பான். குடும்ப மதிப்பீடுகளின் மாற்றம் அவளுக்கு இரண்டு உத்தரவுகளாக வந்து சேர்கிறது: அங்கே போடு, இங்கே போடாதே. பங்கு கிடைத்தாலும் அந்தப் பணத்தில் வாங்கும் மனை யார் பேரில் பதிவாகும் என்பது தனிக்கதை.

பத்திரத்தில் 'யாருடைய தூண்டுதலும் இன்றி, மனப்பூர்வமாக' என்றொரு வரி தவறாமல் இருக்கும். அவள் வந்து சேருமுன்பே எழுத்தர் அதை அடித்து வைத்திருப்பார்.