விமானத்துக்கு வயது பார்ப்பது எப்படி?

தெமோதரையிலிருந்து உம்றாவுக்குப் புறப்படுவோர் இப்பொழுது ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "எந்தக் கம்பனியின் விமானம் புதியது?" விமான சேவைகள் தமது விமானங்களின் சராசரி வயதைச் சொல்லி விளம்பரம் செய்வதால் எழுந்த கேள்வி இது. மரக்கறித் தோட்டத்திலும் கடையிலும் உழைத்து வருடக்கணக்கில் சேர்த்த பணம்; கேட்பது நியாயமே.

ஆனால் சராசரி நம்மை ஏமாற்றிவிடும். ஐந்து விமானங்கள் புத்தம் புதியவை, ஐந்து இருபது வயதானவை என்றால் சராசரி பத்து. பத்து வயதான விமானம் அங்கே ஒன்றுகூட இல்லை!

விமானத்தின் முதுமையை வருடத்தால் மட்டும் அளப்பதில்லை. ஒவ்வொரு தடவை மேலே ஏறும்போதும் அதன் உடல் உள்ளிருக்கும் காற்றால் உப்புகிறது; இறங்கும்போது தளர்கிறது. அதனால் உலோகம் களைக்கிறது. 1988இல் ஹவாய்த் தீவுகளில் அலோஹா நிறுவனத்தின் விமானமொன்றின் கூரை நடுவானில் பிய்ந்தது. அதன் வயது 19தான். ஆனால் தீவுக்குத் தீவு பறந்து ஏறக்குறைய 90,000 தடவை ஏறி இறங்கியிருந்தது. நீண்ட தூரம் பறக்கும் விமானம் அதே வயதில் இதில் சிறு பங்குதான் ஏறி இறங்கியிருக்கும்.

புதியது என்பதாலும் நிம்மதியடைய முடியாது. 2018 அக்டோபரில் இந்தோனேஷியக் கடலில் வீழ்ந்து 189 பேரைப் பலிகொண்ட லயன் ஏர் போயிங் 737 மேக்ஸ், சேவைக்கு வந்து மூன்று மாதமும் ஆகாதது. பழுது அதன் வடிவமைப்பிலேயே இருந்தது. மறுபுறம், கனடா 1954 முதல் தந்த எம்2 ரகப் புகையிரத இயந்திரங்கள் ஐம்பது வருடம் தாண்டியும் இந்நாட்டில் ஓடின. பராமரிப்புத்தான் காரணம்.

ஹஜ் பிரயாணிகள் கவனிக்க வேண்டிய விஷயம் வேறொன்று. 1974 டிசம்பர் 4ஆம் திகதி, நமது மலைநாட்டில் மஸ்கெலியாவுக்கு அருகே ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேர் இறந்தார்களே, அவர்களில் 182 பேர் இந்தோனேஷிய ஹஜ் பிரயாணிகள். பயணம் கருடா நிறுவனத்துக்காக. விமானமோ டச்சு மார்ட்டின் ஏருடையது. இருக்குமிடத்தைத் தவறாகக் கணித்து, விமானிகள் முன்கூட்டியே தாழ இறங்கியதே காரணம். 1978 நவம்பரில் கட்டுநாயக்காவில் ஹாஜிகளுடன் வீழ்ந்து 183 பேரைப் பலிகொண்டதும் ஐஸ்லாந்திலிருந்து வாடகைக்கு வந்த விமானம். 1991 ஜூலையில் ஜித்தாவில் தீப்பற்றி விழுந்து 261 உயிர்களைக் கொண்டுபோனது நைஜீரியா ஏர்வேஸுக்காகப் பறந்த கனடிய நேஷனேர் விமானம். அதன் டயர்களில் காற்றுக் குறைவு என்று தெரிந்தும், தாமதமாகிறது என்று புறப்பட விட்டார்கள். டயரில் காற்று நிரப்பும் வேலைக்காக 261 உயிர்கள்!

ஆகவே டிக்கட்டில் உள்ள பெயருக்குரிய கம்பனியின் சராசரி வயதைப் பார்த்துப் பயனில்லை. "இந்தப் பயணத்துக்கு வரும் விமானம் யாருடையது? வாடகைக்கா? பராமரிப்பவர் யார்?" என்று முகவரிடம் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். பாதுகாப்புக் குறைந்தவை எனத் தான் தடைசெய்த விமான சேவைகளின் பட்டியலை ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் வெளியிட்டு வருகிறது. பிள்ளைகளிடம் சொன்னால் கைத்தொலைபேசியில் எடுத்துக் காட்டுவார்கள்.