வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்

சனி, ஞாயிறு வந்தால் புதுச்சேரி நெல்லித்தோப்பில் எங்கள் தெரு முனையில் நின்று வழி சொல்வதே பாதி வேலையாகிவிடுகிறது. பெங்களூரு பதிவெண் கார் ஒன்று நிற்கும், கண்ணாடி இறங்கும். "அண்ணா, ஒயிட் டவுன் எப்படிப் போகணும்?" கையைக் கிழக்கே நீட்டி பஸ் ஸ்டாண்டு, அப்புறம் நேரே என்று சொல்லி அனுப்புவேன். இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட "பிளாக் டவுன் எங்கே?" என்று கேட்டதில்லை.

அப்படி ஓர் ஊர் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய பகுதியை வெள்ளை நகரம் என்றார்கள். மேற்கே தமிழர்கள் குடியிருந்ததைக் கறுப்பு நகரம் என்றார்கள். அவர்கள் கணக்கில் நாம் கறுப்பர்கள். நெல்லித்தோப்போ அந்தக் கறுப்பு நகரத்தின் எல்லைக்கும் வெளியே, புல்வார் சாலைக்கு அந்தாண்டை கிடந்த தோப்பு. இன்று வாய்க்காலின் ஒரு பக்கத்துப் பெயர் பனியனிலும் காந்த வில்லையிலும் அச்சாகி விற்கிறது. மறுபக்கத்துக்கு மரியாதையாகத் 'தமிழ்ப் பகுதி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சென்னையிலும் கறுப்பர் பட்டணம் ஜார்ஜ் டவுனாக மாறியது. அந்தப் பெயர் போனதில் எனக்கு வருத்தமில்லை. பெயரோடு சேர்ந்து ஒரு வரலாறும் கண்ணுக்கு மறைந்துபோனதுதான் உறுத்துகிறது.

நான் பள்ளியில் படித்தபோது எங்கள் வகுப்பில் சுருட்டை முடிக்காரன் ஒருவன் இருந்தான். அவன் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான். மற்றபடி 'காப்பிரி'. வாத்தியாரே அப்படித்தான் கூப்பிடுவார். அவனும் திரும்பிப் பார்ப்பான். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அது வசை என்பது மட்டும் தெரியும்.

புதுச்சேரி துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால் அந்தச் சொல் ஓர் ஆளாக எழுந்து வரும். 1746இல் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சென்னைக் கோட்டையைப் பிடிக்கப் போனபோது, அவர் மொரீஷியஸ் பக்கத்திலிருந்து கொண்டுவந்த படையில் ஆப்பிரிக்கர்களும் இருந்தார்கள். அவர்கள்தான் காப்பிரிகள். புதுச்சேரித் தெருக்களில் நடந்தவர்கள், இந்தக் கடற்கரையில் காவல் நின்றவர்கள். அடிமைகளாகப் பிடிக்கப்பட்டுத் துப்பாக்கி கொடுக்கப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. அதே நாட்குறிப்பில் 1743ஆம் ஆண்டில் இன்னொரு செய்தி இருக்கிறது. சுற்றுவட்டாரத்து ஏழை சனங்களை ஆசைகாட்டியும் ஏமாற்றியும் பிடித்து, ராத்திரியில் கொண்டுவந்து அடைத்து, தலையை மழித்து, கறுப்புத் துணி உடுத்தி, காலில் விலங்கு மாட்டிக் கப்பலேற்றிய கும்பல் ஒன்று அகப்பட்டுக்கொண்டது. ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களை இறக்கிய அதே துறையிலிருந்துதான் நம் ஆட்களை ஏற்றியிருக்கிறார்கள். போய்ச் சேர்ந்த இடம் பூர்போன் தீவு, அதாவது இன்றைய ரெயூனியன். இல்லையென்றால் இல் த பிரான்ஸ், அதாவது மொரீஷியஸ்.

கறுப்பர் வரலாறு என்றால் அமெரிக்காவும் பருத்திக் காடும் மார்ட்டின் லூதர் கிங்கும் என்றே நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். அடிமைகளாக இருந்த தாய் தகப்பனுக்குப் பிறந்த கார்ட்டர் உட்சன் 1926 பிப்ரவரியில் அந்த வரலாற்றுக்கென ஒரு வாரம் என்று ஆரம்பித்தார். 1976 முதல் அது ஒரு மாதமாக நடக்கிறது. அது அவர்கள் ஊர் விழா, நமக்கென்ன என்று ஒதுக்கி வைத்திருந்தேன். என் எண்ணத்தை மாற்றியது வகுப்பில் கேலிபட்ட அதே சுருட்டை முடிக்காரன்தான்.

அவன் அப்பா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். ஜூலை 14 ஆனால் பதக்கத்தை மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போவார். அந்த வழியில் நண்பனின் மகனும் பட்டாளத்தில் சேர்ந்தான். கொஞ்ச காலம் ரெயூனியனில் போட்டார்கள். மகனைப் பார்க்கப் போன நண்பன் ஒரு டிசம்பர் 20 அன்று அங்கிருந்து வீடியோ காலில் வந்தான். பின்னால் ஒரே மேளச் சத்தம், தெரு முழுக்கக் கூட்டம்.

"டேய், இன்னிக்கு இங்க என்னா திருவிழா தெரியுமா? ஃபெத் காஃப். காப்பிரித் திருவிழாடா! லீவு உட்டிருக்காங்க. எல்லாரும் நான் காப்பிரி, நான் காப்பிரின்னு ஆடுறாங்க. நீங்க என்னை அப்படிக் கூப்ட்டு அழ வச்சீங்களேடா!"

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குத்தான் போனை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பிரான்ஸ் 1794இலேயே அடிமை முறையை ஒழித்தது. நெப்போலியன் 1802இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். 1848 ஏப்ரலில் மறுபடி ஒழித்தார்கள். அந்தச் சட்டம் ரெயூனியனில் நடைமுறைக்கு வந்தது டிசம்பர் 20ஆம் தேதி. அன்று விடுதலையானவர்கள் 60,000 பேருக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக் கரையிலிருந்தும் வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும். இந்திய வம்சாவளியினரும் இருந்தார்கள். சந்தரநாகூர்க்காரியான மதலேன் என்ற அடிமைப் பெண்ணின் மகன் ஃபுர்சி, தான் அடிமையில்லை என்று 1817இல் வழக்குத் தொடுத்து, 1843இல் பாரிஸ் நீதிமன்றத்தில் பிறப்பிலேயே சுதந்திரன் என்ற தீர்ப்பை வாங்கினார். இருபத்தாறு வருஷ வழக்கு.

விடுதலையான சனம் கரும்புத் தோட்டத்தை விட்டு வெளியேறியதும், முதலாளிகளின் பார்வை மறுபடி புதுச்சேரி, காரைக்கால் பக்கம் திரும்பியது. இந்த முறை விலங்குக்குப் பதில் ஒப்பந்தப் பத்திரம். 'ஒரேலி' என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் குவாதலூப். குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேர், மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேர். குவாதலூப்பில் பிறந்த ஹென்றி சிதம்பரம், நாங்களும் பிரெஞ்சுக் குடிமக்கள்தான், எங்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று 1904இல் தொடங்கிய போராட்டம் முடிய 1923 ஆயிற்று. அந்தத் தீவுகளில் மாரியம்மன் 'மாலியேமின்' ஆகிவிட்டாள், தப்பு 'தாப்பு' ஆகிவிட்டது. பேரன், பேத்திகளுக்குத் தமிழ் போய்விட்டது, அடி மட்டும் கையில் நிற்கிறது.

தப்பைப் பற்றிச் சொல்லும்போது எங்கள் பக்கத்து விழாவைச் சொல்லாமல் போக முடியாது. நான் பார்த்து வளர்ந்த மனித உரிமை விழா என்றால் அது அம்பேத்கர் பிறந்த நாளான ஏப்ரல் 14தான். யாரும் அதை அப்படி அழைத்ததில்லை, அவ்வளவுதான். எண்பதுகளில் எங்கள் பக்கத்தில் ஒரு மர நாற்காலியைத் துடைத்து, காலண்டரிலிருந்து வெட்டிச் சட்டம் போட்ட அம்பேத்கர் படத்தை வைப்பார்கள். அண்ணன்மார் தலைக்கு ஒரு ரூபாய் போட்டு மாலை வாங்கி வருவார்கள். மைக்செட்டு இரவல். மில் ஷிப்டு முடிந்து வருபவர்களுக்காகக் கூட்டம் காத்திருக்கும். பேச்சாளர் பெரும்பாலும் ஏதோ ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பானகம் கொடுத்தால் முடிந்தது. போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளைச் சாய்த்து நின்று பார்த்துவிட்டுப் போவார்.

தப்பு என்கிற அந்தப் பறை மட்டும் அங்கே இருக்காது. கொண்டு வரக் கூடாது என்பதில் அந்த அண்ணன்மார் உறுதியாக இருந்தார்கள். சாவு வீட்டுக்குப் போய் அடிக்கச் சொல்லித் திணித்த கருவியைத் தூக்கிப் போடுவதுதான் அவர்களுக்கு அன்று மானம்.

நூற்றாண்டு வந்தது, பாரத ரத்னா வந்தது, சிலைகள் வந்தன. சட்டமன்றத்துக்கு எதிரே மாலை போட இன்று கார் வரிசை நிற்கிறது. கடற்கரைச் சாலையில் மணிமண்டபம். நெல்லித்தோப்புப் பையன்கள் நீலச் சட்டையில் பைக்கில் போகிறார்கள். பாட்டு காதைக் கிழிக்கிறது (எனக்கு வயசாகிவிட்டது, விடுங்கள்). எல்லாவற்றுக்கும் முன்னால் பறை. இப்போது கல்லூரிப் பெண்களே தோளில் மாட்டி அடிக்கிறார்கள். அன்று தூக்கிப் போட்டதும் இன்று தூக்கி எடுத்ததும் ஒரே காரணத்துக்காகத்தான் என்று எனக்குப் புரிய நாள் பிடித்தது. ரெயூனியனிலும் இதே கதை. அடிமைகளின் பாட்டான மலோயா 1980கள் வரை அதிகாரிகளின் கண்ணில் ஆகாத பாட்டு. 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

கறுப்பர் வரலாறு எங்கள் விழாவுக்குள் நுழைந்தது கடல் வழியாக அல்ல, புத்தக வழியாக. பம்பாயில் 1972இல் அமெரிக்காவின் கறுஞ்சிறுத்தைகளைப் பார்த்துத் தலித் பேந்தர்கள் பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெயர் மதுரை வழியாக விடுதலைச் சிறுத்தைகள் ஆனது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரவிக்குமார், அ. மார்க்ஸ், பொ. வேல்சாமி நடத்திய 'நிறப்பிரிகை' இதழ் கறுப்பு இலக்கியத்தையும் தலித் இலக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசவைத்தது. அதற்கும் முன்னால், 1946இல் அம்பேத்கரே அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் துபாய்ஸுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார், அமெரிக்கக் கறுப்பர்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் பிரதி கிடைக்குமா என்று. இன்று ஏப்ரல் முழுவதும் தலித் வரலாற்று மாதம் என்று கொண்டாடுகிறார்களே, அது அமெரிக்காவின் பிப்ரவரியைப் பார்த்துத் தலித் பெண்கள் தொடங்கியது. தமிழ் வேர் கொண்ட தேன்மொழி சௌந்தரராஜன் அவர்களில் ஒருவர். சென்னையில் திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் அந்த மாதத்தை 'வானம்' என்ற கலைவிழாவாக ஆக்கியிருக்கிறது.

டிசம்பர் 10க்கு மண்டபங்களில் நடக்கும் மனித உரிமை நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கருத்தரங்கு, சான்றிதழ், சமோசா.

எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லவும் நா எழவில்லை. ஆனந்தரங்கப் பிள்ளை 1745இல் எழுதுகிறார்: சம்பா கோயிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களைத் தனியே பிரித்து வைத்த சுவரை, அவர்கள் போய் முறையிட்டதும் பாதிரியார் இடித்துவிட்டார். மற்ற சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்துப் போனார்கள். இதே மறைமாவட்டத்தில் எறையூரில் 2008 மார்ச்சில், எங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று தலித் கிறிஸ்தவர்கள் கேட்டதைத் தொடர்ந்து நடந்த கலவரத்தில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். 263 வருஷம் இடைவெளி. எங்கள் நெல்லித்தோப்பு விண்ணேற்பு அன்னை கோயிலில் ஆகஸ்டு 15 தேர் பார்க்க நான் தவறாமல் போவேன். தேர் நகரும்போது அந்த 1745 சுவர் ஏதாவது ஒரு மூலையில் நினைவுக்கு வந்துவிடும்.

எங்கள் ஊருக்குக் கொடி நாட்களுக்குக் குறைச்சலே இல்லை. ஆகஸ்டு 15 உண்டு. மறுநாள் 16 சட்டப்படி சேர்ந்த நாள். நவம்பர் 1 விடுதலை நாள். ஜூலை 14 பாஸ்தி நாள். ஜூலை 30 மில் தியாகிகள் நாள், 1936இல் சுட்டுக் கொல்லப்பட்ட 12 தொழிலாளர்களுக்காக. இவ்வளவு நாட்களைக் கொண்டாடும் ஊர் இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் குடி முழுகிவிடாது. பிரான்ஸ் 2001 மே 21இல் அடிமை வியாபாரத்தை மானுடத்துக்கு எதிரான குற்றம் என்று அறிவித்துச் சட்டம் போட்டது. பிரெஞ்சு கயானாவைச் சேர்ந்த கிறிஸ்தியான் தொபிரா கொண்டுவந்தது. அந்தக் குற்றம் யார் மீது நடந்தது என்று அதன் முதல் பிரிவே பட்டியலிடுகிறது: ஆப்பிரிக்கர், அமெரிக்கப் பூர்வகுடிகள், மடகாஸ்கர் மக்கள், இந்தியர். இந்தியர் என்ற சொல் அங்கே இருக்கிறது. பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் எத்தனையோ வீடுகள் உள்ள எங்கள் ஊரில் அதை யாரும் மேடையில் வாசித்து நான் கேட்டதில்லை.

ஏப்ரலில் பறையடிக்கும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். டிசம்பர் 20 மாலை ஒரு மணி நேரம் கடற்கரையில், பழைய பாலம் கடலுக்குள் நீண்டிருந்த இடத்துக்கு எதிரே வந்து அடியுங்கள். அந்தச் சட்டத்தின் முதல் பிரிவைத் தமிழில் யாராவது வாசிக்கட்டும். நண்பனிடம் சொல்லியிருக்கிறேன், இந்த முறை நம்ம ஊரிலிருந்து உனக்கு வீடியோ கால் வரும் என்று.