மரியாதை வேறு, மௌனம் வேறு

2011 அக்டோபர் 14 அன்று டோக்கியோவில் ஒலிம்பஸ் நிறுவனத்தின் இயக்குநர் குழு கூடியது. அப்போது கேமராவுக்கும் எண்டோஸ்கோப்புக்கும் பெயர்பெற்றிருந்த நிறுவனம் அது. கூட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் அதன் தலைவர் மைக்கேல் வுட்ஃபோர்டின் பதவி பறிபோனது. பேசவும் அவருக்கு வாய்ப்புத் தரப்படவில்லை. நிறுவனத்தின் நிர்வாக முறையையும் ஜப்பானியப் பண்பாட்டையும் அவர் புரிந்துகொள்ளவில்லை என்று காரணம் சொன்னார்கள்.

வுட்ஃபோர்ட் ஆங்கிலேயர்; ஒலிம்பஸின் முதல் வெளிநாட்டுத் தலைவர். 2008இல் ஜைரஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தை வாங்கியபோது ஆலோசகர்களுக்கு 68.7 கோடி டாலர் கொடுத்தது ஏன் என்று அவர் கேட்டார். விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அது. இதுபோன்ற பேரங்களில் ஓரிரு சதவீதம் தருவதுதான் வழக்கம். பதில் வராததால் இயக்குநர்கள் அனைவருக்கும் கடிதம் எழுதினார்.

ஜப்பானிய அலுவலகங்களில் ஒரு முடிவைப் பற்றி ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே தனித்தனியாகப் பேசிவிடுவார்கள். கூட்டம் அதை உறுதிசெய்வதற்கு மட்டுமே. மூத்தவரை நாலு பேர் முன்னால் கேள்வி கேட்பது அவரை அவமதிப்பதாகும். இதைக் குறை சொல்ல முடியாது. அங்கே வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்க்கப்பட்ட நமக்கும் இது புதிதல்ல.

ஆனால், ஒலிம்பஸில் நடந்தது பண்பாட்டு மோதல் அல்ல. பதவி பறித்த நான்கே வாரங்களில், நவம்பர் 8 அன்று, 1990களிலிருந்து மறைத்துவந்த முதலீட்டு நஷ்டத்தை நிறுவனமே ஒப்புக்கொண்டது. அந்த ஆலோசனைக் கட்டணம் நஷ்டத்தை மூடுவதற்கான வழி. 2013இல் வுட்ஃபோர்டுக்கு முன் தலைவராக இருந்த கிகுகாவாவுக்கு நீதிமன்றம் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது.

இந்த மோசடியை முதலில் அம்பலப்படுத்தியது ‘ஃபாக்டா’ என்ற ஜப்பானிய மாத இதழ். அதற்குத் தகவல் தந்தவர் நிறுவனத்துக்குள்ளேயே இருந்த ஜப்பானியர். ஆக, நேர்மையை யாரும் லண்டனிலிருந்து இறக்குமதி செய்யவில்லை. இதே நிறுவனத்தில் 2007இல் வேறொரு முறைகேட்டைப் பற்றி உள்புகார்ப் பிரிவில் சொன்ன ஊழியரின் பெயர் அவருடைய மேலதிகாரிக்கே போய்ச் சேர்ந்தது. அந்த ஊழியர் வேறு வேலைக்கு மாற்றப்பட்டார். அந்த மாற்றம் சட்டவிரோதம் என்று 2011இல் டோக்கியோ உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாய் திறந்தவருக்கு இதுதான் கதி என்றால் மற்றவர்கள் எப்படிப் பேசுவார்கள்?

எப்படிப் பேசுவது என்பதைப் பண்பாடு தீர்மானிக்கட்டும். எதை மறைப்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அதற்கு இல்லை. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஜப்பானிய, கொரிய அதிகாரிகளோடு வேலை செய்யும் நம்மவர்கள் ஏராளம். ஆட்சேபம் இருந்தால் முதலில் அதிகாரியிடம் தனியாக, பணிவாக, கணக்கோடு சொல்லுங்கள். பதில் வராவிட்டால் எழுத்தில் கொடுங்கள். அப்போதும் அசைவு இல்லையென்றால் அடுத்த படிக்குப் போங்கள். நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: புகார் சொன்னவரின் பெயரைக் காப்பாற்றுங்கள். அதைச் செய்யாத நிறுவனத்தில் எந்த ஒழுக்க விதியும் வெறும் காகிதம்தான்.