சண்டிகர் நாற்காலி

சண்டிகர் நாற்காலி என்பது 1950களிலும் 1960களிலும் சண்டிகர் நகரின் அரசு அலுவலகங்கள், உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம், குடியிருப்புகள் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்ட மர நாற்காலிகளின் பொதுப்பெயர். கைப்பிடி உள்ளது, இல்லாதது, உணவு மேசைக்கானது, நூலகத்துக்கானது எனப் பல வகைகள் இதில் அடங்கும். பெரும்பாலானவை தேக்கு மரத்தில் செய்து பிரம்பு பின்னப்பட்டவை.

நாட்டுப் பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போனதால் இந்தியப் பஞ்சாபுக்குப் புதிய தலைநகர் தேவைப்பட்டது. அதை வடிவமைக்கும் பணி 1951இல் லெ கொர்புசியேயிடம் வந்தது. அவருடைய உறவினரும் கட்டடக் கலைஞருமான பியேர் ழான்னரே சண்டிகரிலேயே தங்கி 1965 வரை பணியாற்றினார். நகருக்கான மரச்சாமான்களில் பெரும்பகுதி அவரது வழிகாட்டலில் உருவானது. யூலி சௌத்ரி உள்ளிட்ட இந்தியக் கட்டடக் கலைஞர்களுக்கும் இதில் பங்குண்டு. ஏலப் பட்டியல்களில் ழான்னரேயின் பெயர் மட்டும் பெரிதாக அச்சாவது நியாயமான கணக்கு அல்ல. மரத்தை அறுத்துச் செதுக்கிய தச்சர்களின் பெயர்களோ பெரும்பாலும் பதிவாகவே இல்லை.

இவ்வகையில் மிகவும் அறியப்பட்ட அலுவலக நாற்காலியைப் பக்கவாட்டில் பார்த்தால், கவராயத்தை விரித்து நிறுத்தியதுபோல் முன்காலும் பின்காலும் மேலே நெருங்கிக் கைப்பிடியைத் தாங்கும். முதுகுச் சாய்மானம் இருக்கையோடு ஒட்டாமல் இடைவெளி விட்டு நிற்கும். மெத்தை கிடையாது. பிரம்புக் கண்களின் வழியே காற்று புகுவதால் கோடையில் முதுகு வியர்த்து ஒட்டாது. கால்கள் நேரான, கனமான கட்டைகள் என்பதால் சாதாரணப் பட்டறைகளிலேயே ஆயிரக்கணக்கில் செய்ய முடிந்தது. வெவ்வேறு பட்டறைகளின் கைவேலை ஆகையால் ஒரே வகை நாற்காலிகளுக்குள்ளும் அளவு சற்று மாறும்.

ஏறத்தாழ இதே ஆண்டுகளில் டென்மார்க்கிலும் இதற்கு நெருங்கிய சிந்தனை இருந்தது. பொர்க மொகன்சன் 1947இல் ஒரு கூட்டுறவு அமைப்புக்காக எளிய குடும்பங்கள் வாங்கக்கூடிய உணவு மேசை நாற்காலியை வடிவமைத்தார். ஹான்ஸ் வெக்னர் 1949இல் வரைந்த, ஆங்கில ‘ஒய்’ எழுத்துபோல் முதுகுப்பட்டை கொண்ட நாற்காலி அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்தது. அங்கே ஓக், பீச் மரங்கள்; பிரம்புக்குப் பதில் முறுக்கிய காகிதக் கயிறு. வெக்னர் நாற்காலி ஒன்றின் இருக்கைக்கு மட்டும் சுமார் 120 மீட்டர் கயிறு வேண்டும். டேனிய நாற்காலிகள் நிறுவனப் பெயரோடும் வரிசை எண்ணோடும் வெளிவந்து, இன்றும் செய்யப்படுகின்றன. சண்டிகர் நாற்காலிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அது வெறும் அலுவலகத் தளவாடமாகவே பதிவேட்டில் இருந்தது.

அதன் விளைவு 1990களுக்குப் பின் தெரிந்தது. பிரம்பு அறுந்த நாற்காலிகள் மொட்டை மாடிகளில் குவிக்கப்பட்டு, கழிவுப் பொருளாகச் சொற்ப விலைக்கு ஏலம் போயின. வெளிநாட்டு வணிகர்கள் வாங்கிப் புதுப்பித்து, ஐரோப்பிய, அமெரிக்க ஏலங்களில் பல லட்சம் ரூபாய்க்கு விற்றனர். நகர வரைபடம் பொறித்த பாதாளச் சாக்கடை மூடிகூட ஏலத்துக்குப் போனது. ஏமி சீகலின் ‘ப்ராவனன்ஸ்’ என்ற 2013ஆம் ஆண்டுத் திரைப்படம் இந்தப் பயணத்தைப் பின்னோக்கிக் காட்டுகிறது: வாங்கியவர்களின் வீடுகளில் தொடங்கிச் சண்டிகரில் முடிகிறது. இத்தகைய மரபுப் பொருள்களின் விற்பனையையும் ஏற்றுமதியையும் தடுக்க 2011இல் மத்திய உள்துறை அமைச்சகம் உத்தரவிட்டது. அதற்குள் பெருமளவு வெளியேறிவிட்டது.

பிரம்பு நாற்காலி சண்டிகருக்கு மட்டும் உரியதன்று. சென்னையின் அரசு, இரயில்வே அலுவலகங்களிலும் அது வழக்கமான இருக்கையாக இருந்தது. அதற்குப் பின்னல் போடுவது பார்வையற்றோருக்குக் கிடைத்த பணிகளுள் ஒன்று. பிறகு பிளாஸ்டிக் ஒயர் பின்னலும் சக்கர நாற்காலியும் வந்தன. தாம்பரத்தை அடுத்த பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையில் பழைய மரச்சாமான்களும் விலைக்கு வருகின்றன.

இத்தகைய பழைய நாற்காலியை வாங்குவோர் முதலில் அதைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். சண்டிகர் நாற்காலிகள் பலவற்றில் துறையின் பெயரும் எண்ணும் வண்ணத்தில் எழுதப்பட்டிருக்கும். எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்த எழுத்தே முதன்மைச் சான்று. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதிதாக வார்னிஷ் அடிக்கும்போது முதலில் அழிவதும் அதுதான்.